அம்மாவின் கால் புண்ணுக்கு 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட்: செய்யலாமா?

நித்திலம்:
அம்மாவுக்கு 68 வயது. வெரிகோஸ் வெயின் தொந்தரவு பல வருடமாக உண்டு. இப்போது இடது கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குச் சற்று மேலே ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. மேலே மஞ்சளாக ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. சுத்தம் செய்து விட்டால் சில நாளில் மறுபடி வந்துவிடும். காயப் பிரிவில் குறை அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் வைக்கலாம் என்கிறார்கள். 40 கிலோஹெர்ட்ஸாம். உடம்பில் தொடாமல் சலைனைத் தூறலாக அடிப்பார்களாம்.

என் குழப்பம் இதுதான். அம்மாவின் தோள் வலிக்கு முன்பு பிசியோதெரபியில் வைத்த அல்ட்ராசவுண்ட் 1 மெகாஹெர்ட்ஸ். இது அதைவிட 25 மடங்கு குறைவு. அப்படியென்றால் பலமும் குறைவுதானே? பலம் குறைந்த ஒன்று புண்ணில் என்ன செய்துவிடும்? அப்புறம், வலிக்குமா?

கழற்றிமாட்டி:
நான் டாக்டர் இல்லை, மருத்துவக் கருவிகளை சர்வீஸ் செய்கிறவன். அதனால் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதிர்வெண் வேறு, பலம் வேறு. ஒரு நொடியில் எத்தனை தடவை அதிர்கிறது என்பது அதிர்வெண். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் எத்தனை வாட் இறங்குகிறது என்பதுதான் பலம். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். எலும்பு முறிவுக்கு வைக்கும் ஒரு வகைக் கருவி 1.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும், ஆனால் பலம் சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 30 மில்லிவாட். அது குறைந்த பலம், உயர்ந்த அதிர்வெண். அம்மாவுக்குச் சொன்னது அதுவல்ல.

கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் நடக்கிற காரியமே மாறிவிடும். ஒலியலை திரவத்துக்குள் போகும்போது அழுத்தம் ஏறி இறங்கும். இறங்கும் நேரத்தில் திரவத்தில் இருக்கும் நுண்ணிய குமிழிகள் ஊதும், ஏறும்போது நசுங்கும். 1 மெகாஹெர்ட்ஸில் ஊதுவதற்குக் கிடைப்பது அரை மைக்ரோநொடி. குமிழி வளர்வதற்குள் நசுக்கிவிடும். 40 கிலோஹெர்ட்ஸில் 12 மைக்ரோநொடிக்கு மேல் கிடைக்கிறது. நன்றாக ஊதி, பிறகு சடாரென்று நொறுங்கும். நொறுங்கும் இடத்தில் ஊசி போல ஒரு நீர்த்தாரை பாயும். இதைத்தான் கேவிட்டேஷன் என்பார்கள்.

அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் பெரும்பாலும் இதே 40 கிலோஹெர்ட்ஸ்தான். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு அலுமினியத் தாளை உள்ளே தொங்கவிடுவோம். கொஞ்ச நேரத்தில் தாள் பொத்தல் பொத்தலாக வெளியே வரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. பயப்படாதீர்கள், புண்ணுக்கான கருவியில் அந்த அளவு சக்தி வைப்பதில்லை. பிசுபிசுவென்று ஒட்டிய படலத்தையும் அதில் குடியிருக்கும் பாக்டீரியாவையும் இளக்கும் அளவுக்குத்தான்.

இதன் உறவினர்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். பல் காரை எடுக்கும் ஸ்கேலர் 25 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை. அதைப் பல் டாக்டரிடம் பார்த்துத்தான் சார்ல்ஸ் கெல்மன் என்ற அமெரிக்கக் கண் டாக்டருக்குக் கண்புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் யோசனை வந்தது. 1967-இல் முதல் நோயாளிக்குச் செய்தார். மூளைக் கட்டியை உறிஞ்சி எடுக்கும் கருவி ஒன்று 23 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. மெத்தென்ற கட்டி உடையும், நார்த்தன்மையுள்ள ரத்தக்குழாய் ஓரளவு தப்பிக்கும். இவற்றிலெல்லாம் உலோக முனையே நேரடியாக மோதுகிறது. புண்ணில் அடிக்கும் தூறல் ரொம்ப மென்மையான வகை.

டிரெஸ்ஸிங் அக்கா:
நித்திலம், நான் காயப் பராமரிப்பு நர்ஸ். தொடாத வகையில் முனையைப் புண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டர் போல தள்ளிப் பிடித்து, மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் நகர்த்திக்கொண்டே போவோம். புண்ணின் அளவைப் பொறுத்துச் சில நிமிடம் ஆகும். வழக்கமாக வாரத்துக்கு மூன்று தடவை. பெரும்பாலோர் குளிர்ச்சியாக இருக்கிறது என்பார்கள். 25 கிலோஹெர்ட்ஸில் முனையைத் தொட்டுச் சுரண்டும் வகை வேறு, அது வலிக்கும். அதற்கு முன்பு மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லுங்கள். எந்த வகையானாலும் தூறலோடு கிருமியும் காற்றில் ஏறும், அதனால் தனி அறை, மாஸ்க், முகத்தை மூடும் ஷீல்டு எல்லாம் வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் உங்களுக்கும் மாஸ்க் கேளுங்கள்.

இனி பலர் சொல்லத் தயங்குவதையும் சொல்லிவிடுகிறேன். இது புண்ணைச் சுத்தம் செய்யும். ஆற்றும் என்று உறுதி தர முடியாது. வீனஸ் புண்ணுக்கு, அதாவது சிரைக் கோளாறால் காலில் வரும் புண்ணுக்கு, அல்ட்ராசவுண்ட் பயன்படுமா என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உயர் அதிர்வெண், குறை அதிர்வெண் இரண்டையும் பார்த்துவிட்டு, ஆறுவதை மாற்றுகிறதா என்பது நிச்சயமில்லை என்றுதான் முடித்தது. உங்கள் அம்மாவின் புண்ணுக்குக் காரணம் காலில் தேங்கும் ரத்தம். அதற்கு மருந்து கம்ப்ரஷன் பேண்டேஜ், அதாவது காலை அழுத்திக் கட்டும் கட்டு. பேண்டேஜைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அலைநீளம்:
ஒரு எச்சரிக்கை. "குறை அதிர்வெண், அதனால் பாதுகாப்பு" என்று சொல்லி வீட்டுக்குக் கருவி விற்பவர்களை நம்ப வேண்டாம். 40 கிலோஹெர்ட்ஸில் உடம்புக்குள் அலைநீளம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். திசு அதை அதிகம் உறிஞ்சாது, அதனால் ஆழம் வரை போய் எலும்பில் பட்டுத் திரும்பும். பக்கவாத நோயாளிகளுக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தோடு 300 கிலோஹெர்ட்ஸ் அலையைத் தலையில் செலுத்திப் பார்த்த ஒரு ஆய்வை, மூளையில் ரத்தக்கசிவு கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. திரும்பி வந்த அலைகள் மண்டைக்குள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள்.

நித்திலம்:
அக்கா, பேண்டேஜ் போட்டார்கள். இறுக்குகிறது என்று அம்மா கழற்றிவிட்டார். நாங்களும் விட்டுவிட்டோம்.

டிரெஸ்ஸிங் அக்கா:
சரி, முதலில் அதை மறுபடி தொடங்குங்கள். ஆனால் அதற்கு முன்பு கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். அந்த விகிதம் 0.8-க்குக் கீழே இருந்தால் தமனியில் அடைப்பு இருக்கலாம். முழு இறுக்கத்தில் கட்டக் கூடாது. இறுக்குகிறது என்று அம்மா சொன்னதற்கே அது காரணமாக இருக்கலாம், அதனால் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். விகிதம் சரியாக இருந்தால் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்துப் பழக்கலாம். தூறல் சிகிச்சையைப் பேண்டேஜ் மாற்றும் நாட்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவை அவிழ்க்க வேண்டாம்.

புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து வாரம் ஒரு போட்டோ எடுங்கள். நாலு வாரம் ஒழுங்காகக் கட்டியும் பரப்பு சொல்லும்படி குறையவில்லை என்றால், தூறலையே தொடர்ந்துகொண்டிருக்காமல், ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.