21-ஹைட்ராக்ஸிலேஸ் ஆன்டிபாடி பாசிட்டிவ், ஆனால் அறிகுறி இல்லை. எதை எப்போது பார்ப்பது?

அல்சூர்வாசி:
19 வயதுப் பெண். டைப் 1 சர்க்கரை, ஹாஷிமோட்டோ தைராய்டு இரண்டும் உண்டு. அட்ரினல் (சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி) ஆன்டிபாடியான 21-ஹைட்ராக்ஸிலேஸ் ஆன்டிபாடியும் பாசிட்டிவ். களைப்பு, எடைக் குறைவு எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்து 11 மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அட்ரினல் சுரக்கும் கார்டிசால் 9.4 (மை.கி/டெ.லி), அதைச் சுரக்கத் தூண்டும் ஏசிடிஹெச் 31. இரண்டும் நார்மல் என்கிறது ரிப்போர்ட். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா?

லேப்_ஜெயநகர்:
வேண்டாம் சார், இந்த மாசமே திரும்ப எடுங்க. கார்டிசால் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து அப்புறம் இறங்கிக்கொண்டே வரும். அளவுகோல் எல்லாம் காலை 8 மணி ரத்தத்துக்குத்தான்: 3-க்குக் கீழே என்றால் அட்ரினல் குறைபாடு ஏறக்குறைய உறுதி, 15-க்கு மேலே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. நடுவில் நின்றால் தூண்டல் டெஸ்ட் (ஊசி போட்டுக் கார்டிசால் ஏறுகிறதா என்று பார்ப்பது).

ஏசிடிஹெச் இன்னும் தொட்டாற்சிணுங்கி. ஊதா மூடி ஈடிடிஏ டியூப், உடனே ஐஸ், குளிர் சென்ட்ரிஃப்யூஜ், பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்கணும். சாம்பிள் எடுத்த பையன் பெங்களூரு சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கும்போதே சிதையத் தொடங்கலாம், ஏறியிருந்தாலும் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரலாம். லேபுக்கு நேரில் போய்க் கொடுங்க. ரெனினுக்கு (உப்பு, ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் சிறுநீரக நொதி) நேர்மாறு: ஐஸில் வைத்தால் அதன் செயலற்ற வடிவமான புரோரெனின் ரெனினாக மாறி அளவு பொய்யாக ஏறும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடவிடாதீங்க.

முடி கொட்டுவதற்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

அல்சூர்வாசி:
ஆமாம், பயோட்டின் 10 மி.கி, தினமும்.

லேப்_ஜெயநகர்:
நினைத்தேன். பயோட்டினை வைத்து வேலைசெய்யும் டெஸ்ட் கிட்டில் அது கார்டிசாலைக் கூட்டியும் ஏசிடிஹெச்சைக் குறைத்தும் காட்டும். நோய் இருந்தாலும் மறைந்துபோகும். 3 நாள் நிறுத்திவிட்டுக் கொடுங்க. கருத்தடை மாத்திரையும் கார்டிசாலைப் பொய்யாகக் கூட்டும், அதற்கு 6 வாரம் இடைவெளி வேணும்.

ஹார்மோன்_மருத்துவர்:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். அட்ரினல் சுரப்பி ஒரேயடியாக விழாது. பெரும்பாலும் முதலில் ரெனின் ஏறும், பிறகு தூண்டலுக்குக் கார்டிசால் பதில் குறையும், பிறகு ஏசிடிஹெச் ஏறும், காலைக் கார்டிசால் விழுவது கடைசியில். வெறும் கார்டிசாலை மட்டும் பார்த்தால் தாமதமாகத்தான் தெரியும். வருஷம் ஒரு முறை கார்டிசால், ஏசிடிஹெச், ரெனின், சோடியம், பொட்டாசியம்; ரெனின் ஏறியிருந்தால் 6 மாதத்துக்கு ஒரு முறை.

தூண்டல் டெஸ்டுக்கு 250 மை.கி சினாக்தென் (செயற்கை ஏசிடிஹெச் ஊசி), 30, 60-ஆவது நிமிடத்தில் ரத்தம். பழைய கிட்டில் கார்டிசால் 18 தாண்டணும், புதிய கிட்டுகளில் 14–15 போதும். எந்தக் கிட் என்று லேபில் கேளுங்கள். இங்கே அந்த ஊசி கிடைப்பது கஷ்டம். பலர் நீடித்து வேலைசெய்யும் பன்றி ஏசிடிஹெச்சைத் தசையில் போடுகிறார்கள், அதன் அளவுகோல் வேறு.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: சாப்பாடு, நடை எதுவும் மாறாமல் இன்சுலின் தேவை குறைந்து லோ சுகர் அடிக்கடி வந்தால், டேட் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இந்தக் குறைபாட்டில் தோல் கறுக்கும், ஆனால் நம் நிறத்தில் அது சட்டென்று தெரியாது. ஈறு, உள்ளங்கை ரேகை, புதுத் தழும்பு இவற்றைப் பாருங்கள். தைராக்ஸின் டோஸ் ஏற்றச் சொன்னால், அதற்கு முன் காலைக் கார்டிசால் பார்க்கச் சொல்லுங்கள். குறைபாடு இருக்கும்போது தைராக்ஸினை ஏற்றினால் அட்ரினல் கிரைசிஸில் (உயிருக்கு ஆபத்தான கார்டிசால் பற்றாக்குறை) கொண்டுபோய் விடலாம்.