பிளவுஸ் எம்பிராய்டரிக்கு எந்த மிஷின்? ஒரு ஊசியா, 15 ஊசியா?

ராசிபுரம் டெய்லர்:

எல்லோருக்கும் வணக்கம். ராசிபுரத்தில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பவர் மிஷின், உதவிக்கு ஒரு பெண். ஆரி வேலையும் தெரியும். ஆனால் ஆரியில் ஒரு கல்யாண பிளவுஸ் முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகிறது, அந்தக் கூலியைக் கேட்டதும் பாதிப் பேர் "கம்ப்யூட்டர் எம்பிராய்டரியே போட்டுக் கொடுங்க" என்கிறார்கள். அதைச் சேலத்தில் ஒரு ஜாப்வொர்க் கடையில் கொடுத்து வாங்குகிறேன். மாதம் 25 பிளவுஸ் வரை போகும், ஒன்றுக்குச் சராசரி 600 ரூபாய். முகூர்த்த மாதத்தில் அவர்கள் பத்து நாள் இழுக்கிறார்கள். இங்கே கஸ்டமர் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

அதனால் சொந்தமாக மிஷின் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். யோசனையில் இருப்பவை: ஒன்று, உஷா ஜனோம் 450இ மாதிரி வீட்டு மிஷின். இரண்டு, சீனத் தயாரிப்பு ஒற்றை ஹெட் (ஒரு நேரத்தில் ஒரு துணியில் மட்டும் தைப்பது), 15 ஊசி. கொட்டேஷன் 3 லட்சத்து 80 ஆயிரம். மூன்று, அதையே பழையதாக வாங்குவது. கையில் ஒரு லட்சம் இருக்கிறது, மீதி லோன்தான். விற்பவர் "நிமிடத்துக்கு 1,200 தையல் ஓடும், ஒரே வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம்" என்கிறார். இங்கே ஒரு பள்ளியில் 400 சட்டைக்கு லோகோ போட்டுத் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்?

ஈரோடு ஜாப்வொர்க்:

அம்மணி, நான் முன்பு திருப்பூரில் 20 ஹெட் மிஷினில் ஆபரேட்டர். இப்போது ஈரோட்டில் சொந்தமாக இரண்டு ஒற்றை ஹெட் ஓட்டுகிறேன். மிஷினை விடுங்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

1,200 என்பது கேட்லாக்கில் ஓடும் வேகம். சாதாரண 120 டெனியர் விஸ்கோஸ் நூலில் நாங்கள் வைப்பது 750, மிஞ்சினால் 850. ஜரி என்றால் 500, 600க்கு இறக்கிவிடுவோம், இல்லாவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். பின்கழுத்தும் இரண்டு கையும் சேர்த்து 45,000 தையல் என்று வையுங்கள். 750இல் சுத்தமாக ஒரு மணி நேரம். துணியை ஃப்ரேமில் மாட்டுவது, பாபின் மாற்றுவது, நூல் அறுந்தால் கோப்பது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். உங்கள் 25 பிளவுஸும் நாற்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் மிஷின் சும்மா நிற்கும். ஆக வேகம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

பணக் கணக்கு இது. 3 லட்சம் லோன், மூன்று வருடம், 11 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 9,800. இப்போது வெளியே கொடுப்பது 15,000. நூல், துணிக்கு அடியில் வைக்கும் பேப்பர், கரண்ட், டிசைன் செலவு என்று பிளவுஸுக்கு 120 கழித்தால் மிச்சமாவது 12,000. தவணை போக 2,200 ரூபாய். அதுவும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல். வெளி டெய்லர்களிடமிருந்து மாதம் இன்னொரு 20 பிளவுஸ் 550 ரூபாய்க்கு வந்தால்தான் மேற்கொண்டு 8,600 சேர்ந்து, தொழில் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். ஒரே வருடத்தில் போட்டதை எடுப்பதெல்லாம் விற்பவர் வாய் வார்த்தை.

அப்புறம் ஊசி. வீட்டு மிஷினில் ஒரே ஊசி. மயில் டிசைனில் ஆறு கலர் இருந்தால், ஒவ்வொரு கலருக்கும் மிஷின் நின்று உங்களைக் கூப்பிடும், நீங்கள் எழுந்து போய் நூல் மாற்ற வேண்டும். பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்க முடியாது. 15 ஊசியில் கலரெல்லாம் கோத்து வைத்துவிட்டால் அது பாட்டுக்கு மாற்றிக்கொள்ளும், நீங்கள் ஒரு கட்டிங் போட்டுவிடலாம். உதவிக்கு ஒரே ஆள் இருக்கும் கடைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் பிளவுஸுக்கு ஊசியைவிட ஃப்ரேம் முக்கியம். 450இ மாடலின் பெரிய ஃப்ரேம் 200க்கு 280 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலத்துக்குப் பதினொன்று. 38, 40 சைஸ் பிளவுஸில் தோளுக்குத் தோள் பரவும் பின்கழுத்து டிசைன் அதற்குள் அடங்காது. கைக்கு அடி பார்டரும் சுற்றளவில் பதினொன்றைத் தாண்டிவிடும். ஒரே டிசைனை இரண்டு தடவை மாட்டிப் போட வேண்டும், இணைப்பு ஒரு நூல் விலகினாலும் முதுகில் தெரியும். கழுத்தும் இரண்டு கையும் ஒரே மாட்டலில் முடிகிற மாதிரி அகலமான தட்டை ஃப்ரேம் வருகிற ஒற்றை ஹெட்தான் பிளவுஸ்காரர்களுக்கு. கொட்டேஷனில் எம்பிராய்டரி பரப்பு எவ்வளவு என்று மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள்.

பள்ளி லோகோவைத் தொடாதீர்கள். 6,000 தையல் லோகோ ஒன்றுக்கு எட்டு நிமிடம், 400 சட்டைக்கு 53 மணி நேரம், மாட்டிக் கழற்றுவது தனி. திருப்பூரில் 20 ஹெட் மிஷின் அதே எட்டு நிமிடத்தில் 20 சட்டையை இறக்கும். மார்க்கெட் ரேட் அந்த மிஷின்காரன் வைப்பதுதான். அந்த ஆர்டரை எடுத்து அங்கே கொடுத்து வாங்கி, நடுவில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஹெட்டுக்குக் காசு வருவது, ஒன்று இரண்டாக வருகிற, 20 ஹெட்காரன் "வேண்டாம்" என்று தள்ளுகிற வேலையில்.

மதுரை அன்னம்:

ஈரோட்டு அண்ணன் சொல்வது பிளவுஸுக்குச் சரி. ஆனால் வீட்டு மிஷினை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நான் ஒற்றை ஊசி மிஷினில்தான் ஓட்டுகிறேன். பிறந்த குழந்தைக்குப் பெயர் போட்ட துண்டு, கர்ச்சீஃப், தலையணை உறை, வளைகாப்புக்குத் தாம்பூலப் பை. எல்லாம் ஒன்றிரண்டு கலர், ஐந்து அங்குலத்துக்குள் அடங்கும், ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும். மாடிப்படி ஏற்றுவதும் சுலபம், சத்தமும் கம்மி. தங்கச்சி, உங்களுக்குப் பெயர் போடுகிற வேலை வருமா என்று பாருங்கள். வராது என்றால் இது உங்களுக்கு வேண்டாம்தான்.

ஒன்று மட்டும்: ஜனோமுக்கு ஜெஇஎஃப், பிரதருக்கு பிஇஎஸ், பெரிய மிஷினுக்கெல்லாம் டிஎஸ்டி என்று ஃபைல் வகை வேறு வேறு. டிசைன் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

ஈரோடு ஜாப்வொர்க்:

அன்னம் அக்கா ஃபைல் பேச்சை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். "மிஷினோடு பென்டிரைவில் ஐயாயிரம் டிசைன் இலவசம்" என்பார்கள். அதில் உங்கள் கஸ்டமருக்குப் பிடிப்பது பத்து தேறினால் அதிகம். பட்டுத் துணிக்குப் போட்ட டிசைனை வெல்வெட்டில் ஓட்டினால் தையல் உள்ளே புதைந்துவிடும். வெல்வெட்டுக்கானதை சாஃப்ட் சில்க்கில் ஓட்டினால் துணி சுருங்கிக்கொள்ளும். படத்தை மிஷினுக்கான தையல் ஃபைலாக மாற்றுவதுதான் பஞ்சிங். தையல் நெருக்கத்தைத் துணிக்குத் தக்கபடி வைப்பதுதான் பஞ்சிங்காரரின் கைவேலை. மிஷின் வாங்கும் முன்பே ஒரு நல்ல பஞ்சிங் ஆளைப் பிடியுங்கள். நீங்களே கற்றுக்கொள்வதாக இருந்தால் இங்க்ஸ்டிச் என்ற மென்பொருள் இலவசம், எழுத்து, சின்ன பூ போட அது போதும். கடைகளில் ஓடுவது வில்காம் மென்பொருள், அது விலை அதிகம். டிஎஸ்டி ஃபைலில் கலர் விவரம் இருக்காது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு டிசைனுக்கும் கலர் வரிசையைத் தாளில் எழுதி வாங்கி வைக்காவிட்டால் மயிலுக்குச் சிவப்புக் கழுத்து வரும்.

சேலம் மிஷின் மெக்கானிக்:

பழைய மிஷின் பார்க்கப் போனால் விற்பவர் ஓட்டிக் காட்டுவதை மட்டும் பார்க்காதீர்கள். பெரிய வட்டம் ஒன்று போடச் சொல்லுங்கள். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லை, அல்லது வட்டம் முட்டை மாதிரி இருக்கிறது என்றால் ஃப்ரேம் இழுக்கும் பெல்ட் தளர்ந்திருக்கும். பிறகு 15 ஊசியிலும் ஒவ்வொரு சின்னப் பட்டைத் தையல். துணியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல் தெரிய வேண்டும். நான்கைந்து ஊசி மட்டும் நன்றாகப் போட்டு, "மற்றதை நாங்கள் பயன்படுத்துவதில்லை" என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு நிற்காதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

புது சீன மிஷின்களில் நிறைய டாஹாவோ கம்பெனியின் கன்ட்ரோல் பேனல்தான் வருகிறது. அது என்றால் நம் பக்கம் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், போர்டும் கிடைக்கும். பெயர் தெரியாத பேனல் என்றால் யோசியுங்கள். சிங்கிள் ஃபேஸ் போதும், ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். போர்டு போவது பாதி அதனால்தான். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செலவையும் கணக்கில் சேருங்கள். தரைத் தளத்தில் வையுங்கள், மாடியில் அதிர்வு ஆளைத் தூங்கவிடாது. வாசல் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கடன் பிரிவு ஓய்வு:

வங்கியில் இருந்தவன் என்பதால் லோன் பக்கம் மட்டும். மானியம் வேண்டுமானால் மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் விண்ணப்பியுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35. ராசிபுரம் நகராட்சி, அதனால் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து பிறகு கடனில் கழியும். மாதத் தவணை முதல் மாதமே பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டமும் இருக்கிறது, இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். இவை வேண்டாம் என்றால் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு, 50,000 முதல் 5 லட்சம் வரை. சிறுதொழிலுக்கான உதயம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

ராசிபுரம் டெய்லர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஈரோடு அண்ணா, நீங்கள் சொன்னதும் நோட்டைப் புரட்டினேன். 25 என்பது ஆவணி, தை மாதிரி மாதங்களில்தான். ஆடியில் 7, மார்கழியில் 5. வருடத்துக்குச் சராசரி போட்டால் மாதம் 16 தான் வருகிறது. இந்தத் தெருவைச் சுற்றி நான்கு டெய்லர்கள் சேலத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் எனக்குக் கொடுப்பார்களா என்று தெரியவில்லை. கஸ்டமரை இழுத்துவிடுவேன் என்று பயப்படலாம்.

ஈரோடு ஜாப்வொர்க்:

16 என்றால் மாதம் மிச்சம் 7,680. தவணைக்கே 2,000 ரூபாய்க்கு மேல் இடிக்கிறது. ஆடியில் தவணைக்கு லீவு கிடையாது.

அதனால் மிஷினுக்கு முன்னால் வேலையைச் சேருங்கள். அந்த நான்கு டெய்லர்களிடமும் போய், "சேலத்துக்கு நான் வாரம் ஒரு தடவை போகிறேன், உங்கள் துணியையும் எடுத்துப் போய் வாங்கி வருகிறேன், ஒன்றுக்கு 30 ரூபாய் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு பஸ் செலவும் ஒரு நாளும் மிச்சம். இந்தத் தை வரைக்கும் இப்படியே ஓட்டினால் யார் எத்தனை கொடுக்கிறார்கள், யார் காசை இழுத்தடிக்கிறார்கள் என்று உங்கள் நோட்டிலேயே வந்துவிடும். பயத்துக்கு வழி, அவர்கள் கஸ்டமரின் பெயரே உங்களுக்குத் தெரிய வேண்டாம், பையில் நம்பர் மட்டும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

உங்களுடையதும் அவர்களுடையதுமாக, ஆடி மார்கழி சேர்த்து மாதச் சராசரி 35ஐத் தொட்டால் 15 ஊசி வாங்கலாம், புதிதாகவே. தொடாவிட்டால் வாங்க வேண்டாம், 30 ரூபாய் வேலையே லாபம்.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் துணியில் போட்டுக் காட்டுவதைப் பார்க்காதீர்கள். உங்கள் ரா சில்க் ஒரு மீட்டர், நீங்கள் வாங்குகிற ஜரி நூல், நீங்கள் ஏற்கெனவே சேலத்தில் போட்ட ஒரு டிசைனின் டிஎஸ்டி ஃபைல், மூன்றையும் எடுத்துப் போங்கள். ஜரிக்கு 90/14 சைஸ் ஊசி மாட்டச் சொல்லுங்கள். முழு டிசைனும் முடிகிற வரை பக்கத்திலேயே இருந்து எத்தனை தடவை அறுகிறது என்று பாருங்கள்.

ராசிபுரம் டெய்லர்:

சரி அண்ணா. இரண்டு டெய்லர்களிடம் இன்றைக்கே பேசிவிட்டேன். ஒருவர் சரி என்றுவிட்டார், இன்னொருவர் 20 ரூபாய்தான் தருவாராம்.