மார்கழி முழுவதும் நின்ற ஆம்னி வேன்: செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

கேள்வி (மன்னார்குடி வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 1998 மாடல் மாருதி ஆம்னி, கார்புரேட்டர் வண்டி, இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து எங்கள் சமையல் ஒப்பந்த வேலைக்கு அண்டா, குண்டான், அடுப்பு எல்லாவற்றையும் இதில்தான் ஏற்றிச் செல்கிறோம். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் ஏறக்குறைய ஒரு மாதம் கொட்டகையில் நின்றது. தை பிறந்ததும் எடுக்கப் போனால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்துப் பார்த்தேன், பயனில்லை. அரை மணி நேரம் முயன்றதில் பேட்டரியும் இறங்கிவிட்டது.

சென்ற ஆடியிலும் இதே தொல்லை வந்தது. அப்போது ஒரு மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதியது போட்டார். பிறகு இன்னொருவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப்பின் நாள்தோறும் ஓடியவரை ஒரு குறையும் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் பாத்திரம் ஏற்ற வேண்டும் என்பதால், எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் (தஞ்சாவூர், பட்டறை அனுபவம் உள்ளவர்)

ஐயா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆடியில் நின்றபோதும் மார்கழியில் நின்றபோதும் மட்டுமே தொல்லை, நாள்தோறும் ஓடினால் இல்லை என்கிறீர்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றும் வண்டியில் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றியது தேவையற்ற செலவு என்றே எனக்குப் படுகிறது. ஒரு மாதம் நின்றால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி வற்றிவிடும். அப்போது எஞ்சினோடு பொருத்திய பம்ப், அடியில் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலைப் புதிதாக இழுத்து வர வேண்டும். பம்புக்குள் பெட்ரோலை இழுக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு தளர்ந்திருந்தாலோ, வழியிலுள்ள ரப்பர் ஹோஸில் சிறு வெடிப்பு இருந்தாலோ, பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். நாள்தோறும் ஓடும்போது கிண்ணம் நிறைந்தே இருப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் போதும். பிறகு முன் சீட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி, ஆக்ஸிலேட்டர் கேபிள் சேரும் இடத்தை விரலால் ஒருமுறை இழுங்கள். உள்ளே மெல்லிய நூல்போலப் பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, நீங்கள் தீப்பொறிப் பக்கம் போகலாம். எதுவும் வராமல் வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பெரும்பாலும் உறுதி செய்துகொள்ளலாம்.

பதில் (மதுரை வாசகர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் தீப்பொறியை மறந்துவிடக் கூடாது. மார்கழிப் பனியில் கொட்டகையில் நின்ற வண்டியில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, உட்புறத்தில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல் கருமையான தடம் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தத் தடத்தின் வழியே கசிகிறது என்று பொருள், மூடியை மாற்றத்தான் வேண்டும். பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் உள்ள வண்டியாக இருந்தால் அதன் முனைகள் கருகியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை ஊற்றிச் செல்ஃப் அடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்னியில் எஞ்சின் உங்கள் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், ஒருமுறை கார்புரேட்டர் வழியே சுடர் பின்னோக்கி வந்தாலும் நீங்கள் உட்காரும் இடத்தில்தான் தீப்பிடிக்கும். பெட்ரோல் வாடை இருக்கும்போது பிளக்கைக் கழற்றி வண்டியின் உடம்பில் வைத்துப் பொறி பார்ப்பதும் அதே அளவு ஆபத்தானது. கதவுகளைத் திறந்துவைத்து, பெட்ரோல் வேலையை முடித்து, வாடை போன பிறகே பொறியைச் சோதியுங்கள்.

மறுமொழி (மன்னார்குடி வாசகர்)

மிக்க நன்றி. இன்று காலை பார்த்தேன். விரலால் இழுத்தபோது கார்புரேட்டருக்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை. பம்பிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். வந்தவை வெறும் குமிழிகள்தான். டேங்க் பக்கத்து ஹோஸைத் தொட்டால் நன்றாகவே இருந்தது, ஆனால் கிளாம்பைத் தளர்த்திச் சற்று வளைத்ததும், கிளாம்ப் மூடியிருந்த இடத்தில் வாய் திறந்தாற்போல் ஒரு வெடிப்பு தெரிந்தது. வெளியே ஒழுகிய தடமே இல்லாததால் இத்தனை நாளும் யாரும் கவனிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் மட்டுமே இருந்தது, கருந்தடம் இல்லை. இந்த ஹோஸை மட்டும் மாற்றினால் போதுமா, பம்பையும் மாற்ற வேண்டுமா?

பதில் (தஞ்சாவூர், பட்டறை அனுபவம் உள்ளவர்)

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1998-இல் செய்த ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. அதனால் எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், நீண்ட நாள் நின்ற டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கியிருக்கக் கூடும். பாட்டிலில் பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்து, கீழே தனி அடுக்கு தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் டேங்கை வடித்துவிடுங்கள்.

பம்பைப் பொறுத்தவரை, புது ஹோஸ் போட்டபின் பாட்டில் சோதனையை மீண்டும் செய்யுங்கள். துடிப்புத் துடிப்பாகப் பெட்ரோல் நன்றாக விழுந்தால் பம்ப் இருக்கட்டும். ஆனால் அதற்கு முன் எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்துவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது, அப்போது பம்பையும் ஆயிலையும் மாற்றாமல் வண்டியை ஓட்டவே கூடாது. ஆம்னி உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டாலும், பழைய மாருதி 800-இல் இருந்ததும் இதே 796 சிசி எஞ்சின்தான் என்பதால் இந்தப் பம்புக்கு இன்றும் பஞ்சமில்லை.

செல்ஃபை ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். வறண்ட கிண்ணம் நிறைய நான்கைந்து முறை ஆகலாம். பிடித்தபின் சோக்கை மெல்ல உள்ளே தள்ளி, ஒவ்வொரு கிளாம்ப் அருகிலும் விரலை வைத்துக் கசிவு பாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு நாள் அண்டாக்களை ஏற்றியே இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, திரும்பி வந்ததும் கிளாம்புகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.