கிட்காட் போனுக்கும் டயலாக் வர வேண்டுமா, விட்டுவிடலாமா?

ஏற்காட்டான்: ஏற்காட்டு காப்பி எஸ்டேட்டுகளுக்கான எடைப்பதிவு ஆப்பில் கிட்காட் எனப்படும் ஆண்ட்ராய்டு 4.4 ஆதரவை எடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நாகலூர்ப் பக்கம் மேஸ்திரிகள் சிலர் கையில் இன்னும் அந்தப் போன்தான். பழத்தை எடை போட்டு கிலோவைத் தட்டியதும் "42 கிலோ, பதியலாமா?" என்று ஒரு டயலாக் வர வேண்டும், சரியாக அங்கேதான் ஆப் மூடிக்கொள்கிறது. டயலாக்குக்குள் நம் திரை வடிவத்தை வைக்கும் மெத்தட் (கட்டளை) செட்வியூ; அதில் லேஅவுட் எண்ணை நேராக வாங்கிக்கொள்ளும் வகை ஏபிஐ 21இல்தான், அதாவது ஆண்ட்ராய்டு 5.0இல்தான் வந்தது. 4.4 என்பது ஏபிஐ 19. இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் கிராஷ் ஆகாமல் என்ன ஆகும்?

அஸ்தம்பட்டி தம்பி: அண்ணா, ஒரு மெத்தடோடு நின்றால் பரவாயில்லை, நிற்காதே. 2023இலேயே கூகுளின் பின்னணிச் சேவையான பிளே சர்வீஸஸ் கிட்காட்டைக் கைவிட்டுவிட்டது. ஆப் கட்டக் கூகுள் தரும் ஆண்ட்ராய்டெக்ஸ் நூலகங்களின் புதிய பதிப்புகளும் 21க்குக் கீழே வருவதில்லை, அதனால் 19தான் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைக்க வேண்டும், புதுப் போன்காரருக்கும் திருத்தங்கள் போய்ச் சேராது. அப்புறம் 4.4இல் சர்வரோடு பாதுகாப்பாகப் பேசும் டிஎல்எஸ் 1.2 உண்டு, ஆனால் தானாக இயங்காது. டயலாக்கில் "ஆம்" தட்டியபின் சர்வருக்கே போகாத எடையை வைத்து என்ன செய்வது?

ஏற்காட்டான்: டிஎல்எஸ்ஸை நாமே சர்வர் இணைப்பில் (சாக்கெட்டில்) இயக்கிவிடலாம், அது சின்ன வேலை. டயலாக் அதைவிடச் சின்னது. அலர்ட்டயலாக் என்ற ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன: ஒன்று போனின் சிஸ்டத்தோடு வருவது, இன்னொன்று 2015 முதல் ஆப்காம்பேட்டில், அதாவது பழைய போனிலும் புது வசதி ஓட ஆப்போடு சேர்க்கும் நூலகத்தில் இருப்பது. நிரல் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இரண்டையும் காட்டும், அவசரத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். எதை எடுப்பது என்று சொல்லும் இம்போர்ட் வரியை ஆப்காம்பேட்டுக்கு மாற்றினால் அதே செட்வியூ 4.4லும் ஓடுகிறது. பிழை காட்டும் கருவியான லின்ட் இதற்காகவே சிவப்புக் கோடு போடுகிறது, அதை அணைத்து வைப்பதை நிறுத்தினாலே போதும்.

செவ்வாய்ப்பேட்டை: கொலுசுப் பட்டறைகளுக்கு ஆப் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் பெரிய ஓட்டையை விட்டுவிட்டீர்கள். டயலாக்கை வெறும் ஷோ என்று காட்டினால், போனைத் திருப்பியதும் ஆக்டிவிட்டி, அதாவது ஆப்பின் திரை, புதிதாகப் பிறக்கும், டயலாக் காணாமல் போகும். இது புதுப் போனிலும் நடக்கிறது. தன் நிலையை நினைவில் வைக்கும் டயலாக்ஃபிராக்மென்ட்டில் வைத்தால் திரும்பி வரும், ரேம் குறைந்த போனில் சிஸ்டம் ஆப்பைக் கொன்றபின் திறந்தாலும் வரும். ஐபோன் பக்கம் இந்தப் பேச்சே இல்லை. 2014இல் ஐஓஎஸ் 8உடன் வந்த டயலாக் வகையான யூஐஅலர்ட்கன்ட்ரோலர் ஒன்றே போதும், ஆப்பிளின் நிரல் கருவியான எக்ஸ்கோட் 14 முதல் ஐஓஎஸ் 11க்குக் கீழே இலக்கு வைக்கவே முடியாது.

அஸ்தம்பட்டி தம்பி: ஃபிராக்மென்ட் விஷயம் சரிங்க, அதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன போனில் கூலிக் கணக்கை வைப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. இந்த அறுவடை முடிந்ததும் 21க்குப் போவோம்.

ஏற்காட்டான்: உன் கவலை நியாயம்தான் தம்பி, அதனால் கணக்கைப் போனில் வைக்காமல் பதிந்ததும் சர்வருக்கு அனுப்பிவிட்டு அழிக்கலாம். ஆனால் எடை பதியாமல் போனால் அன்றைய கூலி குறைவது பறிக்கிற பெண்களுக்கு. நிர்வாகம் மேஸ்திரிகளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தால் மறுநாளே 21க்குப் போகலாம். அதுவரை 19ஐ எடுத்துவிடும் மாற்றத்துக்கு நான் ஒப்புதல் தர மாட்டேன்.