புதுப்பிப்பு: விர்ச்சுவல் மெஷினுக்கு ஐபி கிடைக்காத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: கேவிஎம்மில் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) ஓடும் பழைய லினக்ஸ் கெஸ்ட், அதாவது விர்ச்சுவல் மெஷின், டிஎச்சிபியில் (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) ஐபி வாங்க மறுக்கிறது, டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) யுடிபி செக்சம் (பாக்கெட் பிழையில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) தப்பு என்று வருகிறது என்று. நெட்வொர்க் கார்டு டிரைவரைச் சந்தேகித்தேன். அது காரணமில்லை.

துப்பு கொடுத்தது ஒரு சின்ன விஷயம். டிஎச்சிபி சர்வர் ஐபி தர முன்வந்து அனுப்பிய நான்கு ஆஃபர் பாக்கெட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். உள்ளே டிரான்சாக்‌ஷன் எண் மாறுகிறது, செக்சம் மட்டும் மாறவே இல்லை! உள்ளடக்கம் மாறியும் செக்சம் அப்படியே இருந்தால், அதை யாரும் கணக்கிட்டு முடிக்கவில்லை என்று அர்த்தம். அனுப்புநர், பெறுநர் முகவரி, புரோட்டோகால், நீளம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் ஹோஸ்டின் (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் நிஜக் கணினி) கர்னல் எழுதிவிட்டு, மிச்சத்தை நெட்வொர்க் கார்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறது; இதுதான் ஆஃப்லோடு. ஹோஸ்டிலிருந்து கெஸ்டுக்குப் போகும் பாக்கெட் எந்தக் கார்டையும் தொடுவதில்லையே. கெஸ்ட் கர்னலுக்கு இது தெரியும், அதனால் கர்னல் வழியாகத் தரவு வாங்கும் சாதாரண சாக்கெட்டுகளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய டிஎச்சிபி கிளையன்ட் ரா பாக்கெட்டாக (கர்னல் சரிபார்க்காத மூல வடிவில்) வாங்கி, செக்சத்தைத் தானே சரிபார்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறது.

ஹோஸ்ட் பிரிட்ஜில் (ஹோஸ்டையும் கெஸ்டையும் இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) ஈத்டூல் என்ற கட்டளையால் டிஎக்ஸ் ஆஃப்லோடை (அனுப்பும் பக்கத்து ஆஃப்லோடு) நிறுத்தியதும் உடனே ஐபி வந்தது. அப்புறம் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் பாக்கெட் விதிக் கருவி) மேங்கிள் டேபிளில் (பாக்கெட்டை மாற்றும் விதிகளின் பட்டியல்) யுடிபி 68-ஆம் போர்ட்டுக்கு (டிஎச்சிபி கிளையன்ட் பதில் வாங்கும் போர்ட்) மட்டும், செக்சத்தைக் கணக்கிட்டு நிரப்பும் செக்சம் ஃபில் விதி சேர்த்தேன். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. மற்ற டிராஃபிக்குக்கு ஆஃப்லோடு வேகம் குறையாது.

பாக்கெட் டம்ப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.