நாகாயலங்கா: கிருஷ்ணைக் கழிமுகத்து மண்டலம் பற்றிச் சில ஐயங்கள்

கேள்வி: மூதூர் புவியியல் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பித்து வருகிறேன். கழிமுகம் பற்றிய பாடத்தில், மகாவலியின் ஒரு கிளை கொட்டியாரக் குடாவிலும் மற்றொரு கிளை வெருகலிலும் கடலைச் சேர்வதால் நாம் வாழ்வது இரு கிளைகளுக்கு இடைப்பட்ட நிலம் என்று விளக்கிவிட்டு, ஒப்பீட்டுக்காக ஆந்திரப் பிரதேசத்தில் கிருஷ்ணா ஆறு கடலில் கலக்கும் இடத்தின் படத்தைக் காட்டினேன். அதில் ‘நாகாயலங்கா மண்டலம்’ என்ற பெயரைக் கண்ட மாணவி ஒருத்தி, அதற்கும் நமது இலங்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டாள். என்னால் விடை கூற முடியவில்லை. மண்டலம் என்பது நமது மாகாணத்தைப் போன்றதா, பிரதேச செயலாளர் பிரிவைப் போன்றதா? 1977 ஆம் ஆண்டுச் சூறாவளியில் அப்பகுதி அத்தனை உயிர்களை இழந்ததற்கு நில அமைப்புத்தான் காரணமா? அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த வாரமே வகுப்பில் சொல்லிவிடுவேன்.

பதில்: முன்பு விஜயவாடாவில் பணியாற்றியவர்

ஆசிரியருக்கு வணக்கம். மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. தெலுங்கில் ‘லங்க’ என்றால் ஆற்றிடைத் தீவு அல்லது ஆறு கொண்டுவந்த மண் படிந்து உயர்ந்த திட்டு என்று பொருள். கிருஷ்ணா, கோதாவரி இரண்டின் கழிமுகங்களிலும் இவ்வாறு முடியும் ஊர்கள் பல இருப்பதால், அங்கே அது நமது நாட்டைக் குறிக்கும் சொல்லாக அன்றி, நிலத்தின் தன்மையைக் கூறும் சொல்லாகவே வழங்குகிறது. அந்தப் பகுதி முழுவதற்கும் ‘திவிசீமை’ என்று பெயர். ‘தீவி’ என்பது தெலுங்கில் தீவு. புலிகட்டா அருகில் கிருஷ்ணா இரண்டாகப் பிரிய, இரு கிளைகளுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் நிலமே அது. அவனிகட்டா, கோடூரு, நாகாயலங்கா ஆகிய மண்டலங்கள் அதனுள் அடங்கும்.

மண்டலத்தைப் பொறுத்தவரை, தமிழில் அச்சொல் பெருநிலப்பரப்பை நினைவூட்டுவதால் குழப்பம் வருவது இயல்பே. ஆந்திராவில் அது மாவட்டத்துக்குக் கீழே உள்ள சிறிய பிரிவு. 1985 இல் என்.டி.ராமராவின் அரசு பழைய தாலுகாக்களைச் சிறு மண்டலங்களாகப் பிரித்தது. நிலவரி, சான்றிதழ் போன்ற பணிகளைத் தாசில்தார் கவனிக்கிறார். தெரிவு செய்யப்பட்ட மண்டல பிரஜா பரிஷத் வேறாக இருக்கிறது. ஆகவே நமது பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரியாக இருக்கும்.

பதில்: நீர்ப்பாசனத் திணைக்களத்து ஓய்வூதியர், திருகோணமலை

நில அமைப்பு ஒரு காரணம்தான். கடலின் ஆழத்தையும் சூறாவளியின் பாதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1977 நவம்பர் 19 ஆம் திகதி அச்சூறாவளி சீராலா அருகே கரையேறியது. சீராலா திவிசீமைக்குத் தென்மேற்கே உள்ளது. நமது அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், அது செல்லும் திசைக்கு வலப்புறத்தில் உள்ள கரையை நோக்கியே காற்று கடலைத் தள்ளும். திவிசீமை அந்த வலப்புறத்தில் அகப்பட்டுக்கொண்டது. கரையை ஒட்டிய கடல் ஆழம் குறைந்ததாக இருந்தபடியால், தள்ளப்பட்ட நீருக்குக் கீழே இறங்க இடமின்றி, ஏறத்தாழ 5 மீற்றர் உயரத்துக்கு எழுந்து, மேடு என்று சொல்ல ஒன்றுமில்லாத வயல்வெளிக்குள் பல கிலோமீற்றர் தூரம் புகுந்தது. அங்குள்ளவர்கள் அதனை ‘உப்பென’ என்கிறார்கள். நாகாயலங்கா மண்டலத்துச் சொர்லகொந்தி போன்ற கடலோரக் கிராமங்கள் நீரில் அழிந்தன. 10,000 பேராவது மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது காற்றன்று, நீரே என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் ஒப்பீடும் உண்டு. 1964 டிசம்பரில் திருகோணமலையை அண்டிக் கரையேறிய சூறாவளி இங்கே காற்றால் பெருஞ்சேதம் விளைவித்தது. அதே சூறாவளி ஆழமற்ற பாக்குக் கடலைத் தாண்டிச் சென்றபோது கடலை எழுப்பித் தனுஷ்கோடியை இல்லாமலாக்கியது. நமது துறைமுக வாயிலை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதை மாணவர்கள் அறிவார்கள். அதனால் கொட்டியாரக் கரைக்கு ஆபத்தில்லை என்று மட்டும் யாரும் எண்ணிவிடக் கூடாது. 2004 இல் நாம் கண்டது நினைவிருக்கிறது.

மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990 மே மாதம் மீண்டும் ஒரு கடுஞ்சூறாவளி கிருஷ்ணா முகத்துவாரத்துக்கு அருகிலேயே கரையேறியது. அம்முறை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால், இறந்தோர் தொகை ஆயிரத்துக்குள் நின்றது. அதுவும் பெரிய இழப்புத்தான். ஆயினும் நிலமும் கடலும் மாறாதிருக்க, மாறியவை எச்சரிக்கையும் புகலிடக் கட்டடங்களுமே என்பதை இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிக் காட்டினால் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

பதில்: தம்பலகாமத்து வாசகி

ஐயா விளக்கியதற்கு மேல் சூறாவளி பற்றி நான் கூற ஒன்றுமில்லை. அப்பகுதியிலுள்ள மோபிதேவி என்ற ஊரில் பாம்புச் சுருளின்மேல் இலிங்க வடிவில் அமர்ந்திருக்கும் சுப்பிரமணியரைத் தரிசிக்கச் சென்றபோது, நாகாயலங்கா வரை போய் வந்தோம். வழி நெடுகக் கிருஷ்ணா வாய்க்கால் நீரில் விளையும் நெல்வயல்கள். கடலை நெருங்க நெருங்க வயல்கள் குறைந்து இறால் குளங்கள் பெருகின. அவற்றுக்கும் அப்பால் கண்டற்காடு. கண்டலை அவர்கள் ‘மட’ என்கிறார்கள். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கடைசியாகவே வருகிறது என்று ஒரு விவசாயி மனம் நொந்து சொன்னதைக் கேட்டபோது, தம்பலகாமத்து வயற்கரையில் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

அம்மண்டலத்தைச் சேர்ந்த எதுருமொண்டித் தீவுக்கு மக்கள் ஆற்றைப் படகில் கடந்து போகிறார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்னும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற நம்மவர்களுக்கு, பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் ஆற்றைக் கடக்க வேண்டியவர்களின் பதைப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பதில்: முன்பு விஜயவாடாவில் பணியாற்றியவர்

ஆசிரியருக்கு ஒரு சிறு குறிப்பு. பழைய படத்தைப் பயன்படுத்துவதாயின் கவனிக்கவும்: 2022 இல் ஆந்திராவின் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விஜயவாடா தனி மாவட்டத்துக்குப் போய்விட்டது. நாகாயலங்கா, மசூலிப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்ட கிருஷ்ணா மாவட்டத்திலேயே இருக்கிறது.