பி.ஒய். நம்பர் கார், கடலூரில் வரி கட்டாததற்கு கோர்ட் அபராதம்: எதை முதலில் முடிப்பது?

முதுநகர் வாசி கேட்டது:

2017 மாடல் கார், பி.ஒய். 01 பதிவு. புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். வண்டி ஒரு வருஷத்துக்கு மேலாகக் கடலூர் முதுநகரில் நிற்கிறது. வாகனச் சோதனையில் தமிழ்நாட்டு வரி கட்டவில்லை என்று எழுதிவிட்டார்கள். இப்போது இரண்டு விவகாரம். இ-செலான் கோர்ட்டுக்குப் போய்விட்டதாகப் பழைய ஓனர் போனுக்கு மெசேஜ் வந்திருக்கிறது. ஆயுள் வரியும் அதற்கான பெனால்டியும் கட்டச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸ் நோட்டீஸ் தனியாக வந்திருக்கிறது.

கோர்ட் அபராதத்தைக் கட்டினால் வரி நோட்டீஸும் முடிந்துவிடுமா? வழக்கு பழைய ஓனர் பெயரில் இருக்கும்போது நான் கட்டலாமா? முதலில் பெயர் மாற்றமா, கடலூரின் டி.என். 31 நம்பரா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டக் கையில் பணம் இல்லை.

கெடிலக்கரை:

முடியாது சார். அபராதம் வேறு, வரி வேறு. அபராதம் நடந்த தப்புக்கு, அது கோர்ட்டில் முடியும். வரி என்பது அரசுக்கு நிற்கும் பாக்கி. மாஜிஸ்திரேட் அபராதத்தைக் குறைக்கலாம், வரியில் ஒரு ரூபாய் தள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. லோக் அதாலத்திலும் இதே கதைதான். கோர்ட் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் அடுத்த சோதனையில் மறுபடி மாட்டுவது இதனால்தான். முதல் வழக்கு முடிந்திருக்கும், வரி அப்படியே இருக்கும், அடுத்த செலான் விழும்.

"12 மாதம் வரை வெளிமாநில வண்டி ஓட்டலாம்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த 12 மாதம் மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவில் வருவது, நம்பர் மாற்றத்துக்கான கெடு. வரி வருவது 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தில். மாநிலத்துக்குள் ஓட்டினாலும், ஓட்டுவதற்காக வைத்திருந்தாலும் வரி உண்டு என்பது அதன் அடிப்படை. உங்கள் விஷயத்தில் 12 மாதமும் தாண்டிவிட்டதால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

கோர்ட் பக்கம் செய்ய வேண்டியது இது. செலான் வழக்குகளை ஆன்லைனிலேயே முடிக்கும் வர்ச்சுவல் கோர்ட் தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து வண்டி நம்பரையோ செலான் நம்பரையோ போட்டுத் தேடுங்கள். வழக்கு அங்கே இருந்தால் இரண்டு வழி காட்டும்: சொன்ன அபராதத்தைக் கட்டுவது, இல்லையென்றால் வழக்கை எதிர்ப்பது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு, வழக்கு அத்தோடு முடிந்தது. எதிர்த்தால் கடலூர் கோர்ட்டுக்கு மாறும், பிறகு நேரில் ஆஜராக வேண்டும். சும்மா இருக்கட்டும் என்று எதிர்ப்பை அழுத்திவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. சம்மன், அப்புறம் வாரண்ட் என்று போகும். அதுவும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வீட்டுக்குப் போகும்.

பணம் யார் கட்டினாலும் ஏற்கும், ஓ.டி.பி. மட்டும் பழைய ஓனர் போனுக்குப் போகும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டுங்கள். கணக்கில் பணம் பிடித்தும் வழக்கு நிலுவை என்றே காட்டினால் உடனே இரண்டாம் தடவை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணை எழுதி வைத்து, மறுநாள் நிலையைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. செலான் என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள், வங்கிக் கணக்கைக் காலி செய்கிற மோசடி அது. உண்மையான தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்றுதான் முடியும்.

நூறடி ரோடு:

பெயர் மாற்றமும் நம்பர் மாற்றமும் தனித்தனியாக வேண்டாம். புதுச்சேரியில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, கடலூர் ஆர்.டி.ஓ.வில் இரண்டையும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் செலான் பாக்கி இருக்கும்வரை அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகன் தளத்தில் என்.ஓ.சி. நகராது. அதனால் வரிசை இப்படி: செலான், என்.ஓ.சி., கடலூரில் வரி, புது நம்பர்.

என்.ஓ.சி.க்குப் படிவம் 28. விற்றவர் கையெழுத்து வேண்டும். அவரிடமே படிவம் 29 இரண்டு பிரதியும், படிவம் 30-உம் வாங்கிவிடுங்கள், மறுபடி மறுபடி அலைய வேண்டாம். ஒரிஜினல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டு பேரின் முகவரிச் சான்று வேண்டும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால், அது அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கவில்லை என்றால் படிவம் 35-உம் பேங்க் கடிதமும் கொடுத்து முதலில் அதை எடுக்க வேண்டும். கடன் ஓடிக்கொண்டிருந்தால் பேங்க் சம்மதக் கடிதம் இல்லாமல் என்.ஓ.சி. கிடையாது.

நிறையப் பேருக்கு மனு திரும்பி வருவது சேஸிஸ் நம்பர் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) அச்சில். எழுத்து பொறித்த இடத்தில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கிரீஸைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய வெள்ளைத்தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி நகராமல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தேயுங்கள். 17 எழுத்தும் எண்ணும் தெளிவாக விழ வேண்டும். கூர்முனையால் கிறுக்கினால் 8-உம் பி-யும் ஒன்றுபோல் விழும், கிளார்க் வாங்க மாட்டார். ஒரே தடவையில் நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள், கடலூரிலும் கேட்பார்கள்.

மனு கொடுத்து 30 நாளில் என்.ஓ.சி. கொடுக்கவோ காரணம் சொல்லி மறுக்கவோ செய்யவில்லை என்றால் கொடுத்ததாகவே கருத வேண்டும் என்று 48-வது பிரிவு சொல்கிறது. அதனால் புதுச்சேரி முதலியார்பேட்டை ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்த தேதி தெரிகிற ஒப்புகைச் சீட்டு அவசியம்.

முதுநகர் வாசி:

மிக்க நன்றி சார். விற்றவர் நல்ல மனிதர், கையெழுத்துப் போடுவார். வரி எவ்வளவு வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தவணை உண்டா?

கெடிலக்கரை:

புதுக் கார் விகிதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2023 நவம்பரில் உயர்த்தியபடி புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துப் படிப்படியாகக் குறையும். வயது எண்ணுவது முதல் பதிவுத் தேதியிலிருந்து, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. சதவீதம் போடுவது வண்டி புதிதாக விற்ற விலைக்கு. நீங்கள் செகண்ட் ஹேண்டில் கொடுத்த தொகையைச் சொல்லிப் பயனில்லை. முதல் இன்வாய்ஸ் நகலை விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள், விலையில் தகராறு வராது.

நோட்டீஸில் வரி எவ்வளவு, பெனால்டி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று பிரித்துப் போட்டிருக்கிறதா பாருங்கள். மொத்தமாக ஒரு தொகை மட்டும் இருந்தால் கணக்கு விவரம் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். வண்டி தமிழ்நாட்டுக்குள் வந்த தேதியைத் தப்பாக எடுத்திருந்தால் பெனால்டி வீணாக ஏறும். விற்பனை ஒப்பந்தத் தேதி, ஃபாஸ்டேக் ஸ்டேட்மெண்ட், சர்வீஸ் பில் இவைதான் ஆதாரம். வாய்ப்பேச்சு எடுபடாது. நோட்டீஸுக்கு வரி கட்டும்போது ரசீதில் சேஸிஸ் நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். நம்பர் மாற்றும்போது அந்த ரசீதைத்தான் காட்ட வேண்டும்.

தவணையைப் பொறுத்தவரை, வரியைத் தவணையில் கட்டலாம் என்று நம்பி உட்கார வேண்டாம். கோர்ட் அபராதத்துக்கு வழி இருக்கிறது. அபராதம் மட்டுமே விதித்து, கட்டாவிட்டால் சிறை என்று தீர்ப்பானால், உடனே கட்ட முடியாதவருக்கு 30 நாள் அவகாசமோ, 30 நாளுக்கு மிகாத இடைவெளியில் இரண்டு மூன்று தவணையோ கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்க வேண்டிய நேரம் தீர்ப்பு சொல்லும் அந்த நிமிஷம். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது கையில் இருந்தால் "கட்ட முடியாது" என்பதை "இப்போது இவ்வளவுதான் முடியும்" என்று காட்டலாம். ஆன்லைனில் கட்டுவதில் இந்த வசதி இல்லை. அபராதம் சிறிய தொகையாக இருந்தால் ஆன்லைனில் முடித்துவிட்டு, இருக்கிற பணத்தை வரிக்கு ஒதுக்குவதே நல்லது. பெனால்டி ஏறுவது அந்தப் பக்கம்.

பாகூர் ஏரிக்கரை:

இதைப் படிக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் ஒன்று. பாகூரிலோ கிருமாம்பாக்கத்திலோ வீடு, தினம் முள்ளோடை தாண்டிக் கடலூரில் வேலை என்றால் உங்கள் நிலை வேறு. 47-வது பிரிவு கேட்பது வண்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. ராத்திரி வண்டி நிற்பது புதுச்சேரியில் என்றால் அதைக் காட்டும் ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, புதுச்சேரி பங்க் பெட்ரோல் பில், சர்வீஸ் பில் நகல்களை ஒரு கவரில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். சோதனை அதிகாரியிடமே காட்டிப் பேசுங்கள். அப்படியும் எழுதினால் எழுத்தில் விளக்கம் கொடுங்கள். இந்த மாதிரி வழக்கில் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

வீடு கடலூரில், ஆர்.சி.யில் மட்டும் புதுச்சேரி உறவினர் முகவரி என்றால் எதிர்க்கவே எதிர்க்காதீர்கள். பொய்யான விவரம் கொடுத்து ஆர்.சி. வாங்கினால் மோட்டார் வாகனச் சட்டம் 192பி பிரிவின்படி 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அதோடு ஆண்டு வரியைப்போல் 10 மடங்கு அல்லது ஆயுள் வரியில் மூன்றில் இரண்டு பங்கு அபராதம். 2017-இல் கேரளாவில் பெரிய பெயர்கள் எல்லாம் மாட்டியது இப்படிப்பட்ட புதுச்சேரி முகவரியில்தான். வரி மிச்சம் பிடிக்கப் போய்க் குற்ற வழக்கில் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

நூறடி ரோடு:

முதுநகர் சார், விட்டுப்போனது இரண்டு. வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு விற்றால் விற்றவர் 45 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது, தாமதத்துக்கான கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். அதுவரை வண்டியில் விபத்து என்றால் நஷ்டஈடு வழக்கு ஆர்.சி.யில் உள்ள பெயர்மேல்தான் வரும். 2018-இல் உச்ச நீதிமன்றமும் பதிவு ஓனர்தான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. உங்களை நம்பிக் கையெழுத்துப் போடும் மனிதருக்காகவாவது தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, டி.என். 31 நம்பர் வந்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் புதிதாக ஆர்டர் செய்ய வேண்டும். இன்சூரன்ஸில் பெயரையும் நம்பரையும் எழுத்தில் மாற்றுங்கள். ஃபாஸ்டேக் கொடுத்த பேங்கிலும் புது ஆர்.சி.யைக் காட்டி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொத்தட்டை டோலில் பழைய பி.ஒய். நம்பர் வந்து நிற்கும். புதுச்சேரியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு ரீஃபண்ட் கேட்டு புது ஆர்.சி., தமிழ்நாட்டு வரி ரசீது நகலோடு மனு போடுங்கள். கட்டியவர் பழைய ஓனர் என்பதால் மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும். அது வரும் என்ற கணக்கில் இங்கே கட்ட வேண்டியதைத் தாமதிக்க வேண்டாம்.